எண் வெள்ளி என்கிறது, கைக்கு வருவது ஆணி: இரும்பைத் தோண்டும் முன்பே இனம்காண்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. திரையில் 85, 92 என்று வெள்ளிக்குரிய எண் வருகிறது, ஒலியும் உச்சத்தில் கீச்சிடுகிறது, ஆசையோடு தோண்டினால் துருப்பிடித்த ஆணி. டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகத்தின் ஒலியை வடிகட்டும் அமைப்பை, ஏற்றி வைத்தும் இதே கதை. கோளாறு கருவியிலா, கேட்கிற காதிலா?

இரண்டிலும் இல்லை. இரும்பு நல்ல உலோகம்போல் வேஷம் கட்டுவது இந்தக் கருவியோடு கூடப் பிறந்த தொல்லை. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட, அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தானே உருவாக்கிய தூண்டல் கருவியை எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். முன்னோட்டங்களில் ஈயக் குண்டை ஒழுங்காகக் காட்டிய கருவி, அதிபர் படுக்கையில் எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று இருப்பதாக ஒலித்தது. அவர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. (உடம்பின் வலப்பக்கத்தை மட்டுமே தேட மருத்துவர் அனுமதித்தார், குண்டு இருந்ததோ இடப்பக்கம். அது தனிக் கதை.) பெல்லுக்கே தண்ணி காட்டிய இரும்பு நமக்குக் காட்டாதா?

ஆனால் இரும்புக்கு ஒரு பலவீனம் உண்டு. நல்ல உலோகத்தை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில் வரும். இரும்பு பக்கத்துக்கு ஒரு பதில் சொல்லும். நான் கீழே எழுதப்போவதெல்லாம் அந்த ஒரே சாட்சியைத் திரும்பத் திரும்பக் குறுக்கு விசாரணை செய்யும் வழிகள்தான். ஒரு முறை காயிலை (கருவியின் நுனியில் தரையோடு ஓட்டும் தட்டை) ஓட்டி, ஒரு எண்ணைப் பார்த்து, உடனே மண்வெட்டியை எடுப்பதுதான் ஆணி சேர்வதற்கு முதல் காரணம்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காயில் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. வினாடிக்குச் சில ஆயிரம் முறை முதல் பல்லாயிரம் முறை வரை திசை மாறும் புலம் அது. மின்சாரம் கடத்தும் எதன்மேல் பட்டாலும் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அந்த மின்னோட்டம் பதிலுக்கு ஒரு புலத்தை எழுப்பும். காயிலுக்குள் இருக்கும் இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. எவ்வளவு பலமாக வந்தது, எவ்வளவு பிந்தி வந்தது என்ற இரண்டு தகவல்தான் கருவியின் கையில் இருக்கும். திரையில் தெரியும் எண் அந்தப் பிந்துதலின் கணக்கு. வெள்ளி, செம்பு மாதிரி நன்றாகக் கடத்தும் உலோகத்தில் மின்னோட்டம் சட்டென்று அடங்காது, அதனால் எண் மேலே போகும். மெல்லிய அலுமினியத் தாளில் உடனே அடங்கிவிடும், எண் கீழே நிற்கும்.

இரும்புக்கு இரண்டு முகம். அது மின்சாரமும் கடத்துகிறது, காந்தப்புலத்தைத் தனக்குள் இழுத்தும் கொள்கிறது. இந்த இரண்டு குணமும் எண்ணை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. சின்ன ஆணியில், கம்பித் துண்டில் காந்த குணம் ஜெயிக்கும். எண் அடிமட்டத்துக்குப் போகும், கருவி உறுமும். அதே இரும்பு தட்டையாக, அகலமாக, அல்லது நடுவில் ஓட்டை போட்ட வளையமாக இருந்தால் சுழல் மின்னோட்டம் ஓட நல்ல பாதை கிடைத்துவிடும். அப்போது கடத்தும் குணம் ஜெயித்து, எண் நாணயத்தின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வாஷர், நட்டு, சங்கிலிக் கண்ணி, லாடம், கோடாரித் தலை எல்லாம் தேன் மாதிரி ஒலிக்கும். உலோகம் என்ன என்பதைவிட உருவம் என்ன என்பதே பல நேரம் எண்ணைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு சங்கதி. எண்கள் 0 முதல் 99 வரை நேர்கோடு மாதிரி தெரிந்தாலும் அடியில் கருவி அளப்பது ஒரு கோணத்தை. கோணம் வட்டத்தில் சுற்றுவது. ஒரு கோடியைத் தாண்டி விழுந்தால் மறு கோடியில் தலைகாட்டும். துருப்பிடித்த ஆணி சில சமயம் அளவுகோலின் உச்சியில், 95, 97 என்று, வெள்ளிக்கும் மேலே போய்க் காட்டுவது இதனால்தான். உச்சி எண் வந்தால் புதியவர் துள்ளுவார், பழகியவர் புருவத்தைத் தூக்குவார்.

சரி, விசாரணைக்கு வருவோம். சிக்னல் கிடைத்ததும் அங்கேயே நின்றுகொண்டு காயிலை மறுபடி மறுபடி இடம்-வலமாக ஆட்டாதீர்கள். அதனால் அந்த ஒரே பதில்தான் திரும்ப வரும். டார்கெட்டை, அதாவது சிக்னல் தரும் பொருளை, நடுவில் வைத்து நீங்கள் சுற்றி வாருங்கள். குறைந்தது 90 டிகிரி. முடிந்தால் அரை வட்டம் முழுக்க, சின்னச் சின்ன அடியாக, காயிலை ஆட்டிக்கொண்டே. தட்டையாகக் கிடக்கும் நாணயம் எல்லாத் திசையிலும் ஒரே ஒலி தரும், எண் இரண்டு மூன்று புள்ளிக்குள் ஆடும். ஆணி ஒரு திசையில் அழகாகக் கீச்சிட்டு, 90 டிகிரி திரும்பியதும் உறுமலாக உடைந்துவிடும்.

எண் ஆடுவதிலும் தரம் பிரிக்க வேண்டும். 78, 80, 77, 81 என்று ஒரு வட்டாரத்துக்குள் தள்ளாடுவது ஒன்று. 12, 96, 14, 95 என்று அடியிலிருந்து உச்சிக்குத் தாவி, நடுவில் எங்கேயும் நிற்காமல் மறுபடி அடிக்கு விழுவது வேறு. இரண்டாவது வகைதான் ஆணியின் கையெழுத்து. எண் ஆடுகிறது என்பதற்காக மட்டும் ஒரு சிக்னலைக் கைவிட்டால் ஆழத்தில் கிடக்கும் நாணயங்களையும் சேர்த்துக் கைவிட்டுவிடுவீர்கள். ஆழம் கூடக் கூட எதிரொலி மெலிந்து எண் நிலைகொள்ளாமல் போவது இயல்பு. இரும்புச் சத்து மிகுந்த மண்ணில், கருமணல் கலந்த கரையில், ஆழ நாணயத்தின் எண் இரும்புப் பக்கம் சரிந்தும் விழும்.

அடுத்தது பின்பாயிண்ட். என்னைக் கேட்டால் ஆணியைக் காட்டிக்கொடுப்பதில் இதற்கு இணை கிடையாது, ஆனால் புதியவர்கள் இதைத் தோண்டும் இடத்தைக் குறிக்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். பின்பாயிண்ட் பொத்தானை அழுத்தினால் கருவி பாகுபாடு பார்க்காது. எந்த உலோகமானாலும், எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே சத்தம் போடும். முதலில் சாதாரண முறையில் காயிலை ஓட்டி, உயர்ந்த ஒலி எந்த இடத்தில் வருகிறது என்று கண்ணால் ஒரு புல்லையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பின்பாயிண்ட் செய்து பாருங்கள். இரண்டும் ஒரே புள்ளியில் விழுந்தால் நம்பிக்கை வைக்கலாம். உயர்ந்த ஒலி ஓரிடத்திலும், பின்பாயிண்ட் உச்சம் ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளியும் விழுந்தால், நீங்கள் கேட்டது ஆணியின் முனையில் எழும் பொய்யொலி, உடல் தள்ளிக் கிடக்கிறது. 90 டிகிரி திரும்பிப் பாருங்கள், அந்தக் கீச்சொலியும் இடம் மாறியிருக்கும். நாணயம் ஓடி ஒளியாது.

இதையும் மேலே சொன்ன சுற்றி வரும் சோதனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்ட நாள் நினைவிருக்கிறது. இடிந்து போன ஒரு பழைய வீட்டின் பின்புறம், காயிலை எங்கே வைத்தாலும் உறுமல். ஓரிடத்தில் மட்டும் உறுமலுக்கு நடுவே ஒரு மெல்லிய கீச்சு. வடக்கு தெற்காக ஓட்டினால் 80, 82. கிழக்கு மேற்காக ஓட்டினால் வெறும் உறுமல். ஒரு பக்கம் மட்டும் பேசுகிறது, ஆணிதான் என்று நகரப் போனேன். ஏனோ ஒரு சந்தேகம். திரும்ப வந்து இடம் பார்த்தேன். அந்தக் கீச்சு, சற்றுச் சாய்வாக ஓட்டினாலும், இன்னும் கொஞ்சம் திரும்பி ஓட்டினாலும், அதே சிறு கல்லின் பக்கத்தில்தான் வந்தது. நகரவே இல்லை. பின்பாயிண்ட் உச்சம் மட்டும் நீளமாக, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. தோண்டினேன். விரல் நீள ஆணி ஒன்று படுக்கையாகக் கிடந்தது. அதற்கு ஒட்டி, கொஞ்சம் கீழே, பச்சை பூத்த செப்புக் காசு. ஆணியின் நீளவாக்கில் காயில் போனபோது இரும்பின் குரல் காசின் குரலை முழுங்கிவிட்டது. குறுக்கே போனபோது காசுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

ஆகவே "ஒரு திசையில் மட்டும் ஒலித்தால் இரும்பு" என்று எங்கேயாவது படித்திருந்தால் பாதியை மட்டும் நம்புங்கள். ஒரு திசையில் மட்டும் ஒலித்து, அந்த ஒலி இடமும் மாறினால் இரும்பு. ஒரு திசையில் மட்டும் ஒலித்து, இடம் மாறாமல் நின்றால் இரும்புக்குப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. செங்குத்தாக நிற்கும் நாணயமும் இப்படித் திசைக்குத் திசை வேறு மாதிரி பேசும். இந்த இரண்டாவது வகையை நான் விடுவதே இல்லை.

காயிலின் ஓரத்தால் சோதிப்பதும் நல்ல உத்தி. இன்று விற்கும் காயில்களில் பெரும்பாலானவை டிடி வகை, அதாவது இரண்டு சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, முன்னிருந்து பின்னாக ஒரு கோடு மாதிரி நிற்பவை. இவற்றில் இரும்பின் பொய்யொலி சற்று அதிகம், அதிலும் சோடா பாட்டிலின் எஃகு மூடி அச்சு அசல் காசு மாதிரி ஒலிக்கும். மூடி என்று சந்தேகம் வந்தால், காயிலைக் குறுகலாக ஆட்டிக்கொண்டே மெல்லப் பின்னால் இழுங்கள், டார்கெட் காயிலின் மூக்கு நுனிக்கு வரும் வரை. காசாக இருந்தால் ஒலி அதே நிறத்தோடு மெலிந்து கடைசியில் அடங்கும். மூடியாக இருந்தால் நுனிக்கு வரும்போது உறுமல் வெளிப்படும், எண் சரியும். வேகத்தையும் மாற்றிப் பாருங்கள். மூடியின் எண் வேகத்தோடு சேர்ந்து குதிக்கும். கான்சென்ட்ரிக் காயிலில், வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள் இருப்பதில், இந்த மூடித் தொல்லை குறைவு. ஆனால் இரும்புச் சத்துள்ள மண்ணில் அது சீக்கிரம் குழம்பிவிடும்.

பெரிய இரும்புக்கு வேறு சோதனை. காயிலைத் தரையிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். காசின் ஒலி ஒரு சாண் உயரத்துக்குள் மங்கிவிடும். முழங்கால் உயரத்திலும் விடாமல் அலறினால் கீழே இருப்பது தகடோ, குழாயோ, கலப்பைக் கொழுவோ. பின்பாயிண்டில் அதன் ஓரங்களையும் தேடிப் பாருங்கள். காசு என்றால் உள்ளங்கை அகலத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு முழம் நீண்டால் யோசிக்க வேண்டியதில்லை. நசுங்கிய அலுமினிய கேனும் இப்படி அலறும் என்பதால் இது இரும்பை மட்டும் காட்டும் சோதனை அல்ல, அளவைக் காட்டும் சோதனை.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய போர்க்களம், ராணுவப் பயிற்சி நடந்த நிலம் என்று தெரிந்த இடத்தில் பெரிய இரும்பு சிக்னலை ஆர்வத்தில் தோண்டாதீர்கள். வெடிக்காத குண்டுகள் பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும். உருளை வடிவத்தில், கூர் முனையோடு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

இனி கருவியின் அமைப்புகள். நீங்கள் டிஸ்கிரிமினேஷனை ஏற்றி வைத்ததாகச் சொல்கிறீர்கள். அதுதான் நிலைமையை மோசமாக்கியிருக்கிறது. டிஸ்கிரிமினேஷன் இரும்பை அகற்றுவதில்லை, இரும்பின் உறுமலை மட்டும் உங்கள் காதில் விழாமல் செய்கிறது. ஆணியின் முனையிலிருந்து வரும் பொய்க் கீச்சு மட்டும் வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். சுற்றிலும் மௌனம், நடுவில் ஒரு இனிய கீச்சு. கேட்பதற்கு வெள்ளிக் காசு மாதிரியே இருக்கும். அதே இடத்தில் இரும்பின் ஒலியைத் திறந்து வைத்துக் கேட்டால், கீச்சுக்கு முன்னும் பின்னும் உறுமல் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். காரெட் ஏடி புரோவில் அயர்ன் ஆடியோ என்று ஒரு பொத்தானே இதற்காக இருக்கிறது. அந்தக் கருவியில் 40-க்குக் கீழே இரும்பின் வட்டாரம். மைன்லேப் ஈக்வினாக்ஸ் வரிசையில் 0-வும் அதற்குக் கீழே மைனஸ் எண்களும். உங்கள் கருவி எதுவானாலும் இரும்பை ஊமையாக்காமல் தாழ்ந்த டோனில் வையுங்கள். காது வலித்தால் அதன் சத்தத்தை மட்டும் குறையுங்கள். முதல் வாரம் தலைவலிதான். பிறகு பேருந்து நிலையத்து இரைச்சலில் தன் பெயரை யாராவது கூப்பிட்டால் காது பிடித்துக்கொள்கிற மாதிரி, உறுமல் காட்டுக்குள் நல்ல ஒலி தனியாக நிற்கத் தொடங்கும்.

ஒலியின் உருவத்தையும் கவனியுங்கள். நல்ல டார்கெட்டின் ஒலி உருண்டையாக இருக்கும், மெல்ல ஏறி, நிரம்பி, மெல்ல இறங்கும். இரும்பின் கீச்சு கத்தரித்த மாதிரி திடீரென்று தொடங்கி பாதியில் அறுந்துவிடும், அல்லது சொரசொரவென்று தேய்த்துக்கொண்டு வரும். எழுத்தில் இதற்கு மேல் விளக்க முடியவில்லை. திரை பொய் சொல்லும்போதும் இந்தச் சொரசொரப்பு பொய் சொல்வது குறைவு. திரையை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காதால் மட்டும் தேடிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

அயர்ன் பயாஸ் மாதிரி அமைப்புகள் பற்றி ஒரு எச்சரிக்கை. சந்தேகமான சிக்னல் வந்தால் அதை இரும்புப் பக்கம் தள்ளிவிடு என்று கருவிக்குச் சொல்வதுதான் அது. ஏற்றினால் ஆணி, மூடி குறையும். கூடவே, மேலே நான் சொன்ன ஆணியோடு ஒட்டிய செப்புக் காசு மாதிரியானவையும் உறுமலாகிப் போய்விடும். மூடிகள் கொட்டிக் கிடக்கும் பூங்காவில் ஏற்றுங்கள். பழைய வீட்டடிகளில் இறக்குங்கள். ரிகவரி ஸ்பீடு என்பது ஒரு சிக்னலைக் கேட்டு முடித்துக் கருவி அடுத்ததற்குத் தயாராகும் வேகம். எக்ஸ்பி டியூஸ் கருவியில் ரியாக்டிவிட்டி என்று வரும், அதற்கும் இதே மாதிரி ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஏற்றினால் அடுத்தடுத்துக் கிடப்பவற்றைக் கருவி தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும், ஆழம் கொஞ்சம் குறையும். ஆணி நிறைந்த நிலத்தில் ஆழத்தை விட்டுக்கொடுத்துப் பிரிக்கும் திறனை வாங்குவதே லாபம். அங்கே பெரிய காயிலைக் கழற்றிவிட்டு 15 சென்டிமீட்டர் அளவில் சின்னதாக மாட்டிக்கொண்டால், ஒரே நேரத்தில் காயிலுக்குக் கீழே மூன்று ஆணி வருவது ஒன்றாகக் குறையும். சென்சிட்டிவிட்டியையும் உச்சத்தில் வைக்க வேண்டாம். உச்சத்தில் கருவி தனக்குத் தானே உளறும், அந்த உளறலை இரும்பின் பொய்யொலியிலிருந்து பிரிப்பது கூடுதல் வேலை.

கருவியில் அலைவெண்ணை மாற்றும் வசதி இருந்தால் அதுவும் ஒரு சாட்சி. மல்ட்டியில், அதாவது பல அலைவெண்களைச் சேர்த்து அனுப்பும் முறையில், கிடைத்த சிக்னலைத் தனி அலைவெண்ணில், உதாரணமாக 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு முறை, 15-ல் ஒரு முறை ஓட்டிக் கேளுங்கள். நல்ல டார்கெட்டின் எண் மாறினாலும் ஒலி ஒழுங்காகவே இருக்கும். ஆணியின் முகமூடி ஏதாவது ஒன்றில் கழன்று விழ வாய்ப்பு அதிகம். உங்கள் கருவி அலைவெண்ணுக்கு ஏற்ப எண்ணைச் சரிக்கட்டுகிறதா என்று முன்கூட்டியே ஒரு காசைத் தரையில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்லதையும் சந்தேகிப்பீர்கள். பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகள், அதாவது புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்புபவை, வேறு சாதி. அவை ஆழத்துக்கும் உப்புக்கரைக்கும் கெட்டிக்காரர்கள், இரும்பைப் பிரிப்பதில் இவற்றிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

எந்தச் சோதனையிலும் மாட்டாதவையும் உண்டு. துரு ஏறிய வாஷரும் நட்டும் எல்லாத் திசையிலும் ஒரே எண் சொல்லும், இடம் மாறாது, ஓரத்தில் உறுமாமலும் தப்பிக்கும். தோண்டித்தான் ஆக வேண்டும். நான் இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். எஃகால் செய்த நாணயங்கள் இதற்கு நேர்மாறான தலைவலி. பிரிட்டனில் 1992 முதல் ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் காசுகள் எஃகின்மேல் செம்பு பூசி வருகின்றன. காந்தத்தில் ஒட்டும், டிடெக்டரில் தாறுமாறாகக் குதிக்கும். தங்கத்தைப் பற்றிய கவலை உங்களுக்கு இருந்தால் அது இரும்போடு தீர்கிற கவலை அல்ல. சின்னத் தங்க மோதிரத்தின் எண் அலுமினியத் தாளுக்கும் கேன் வளையத்துக்கும் நடுவில் விழும். மேலே உள்ள எதுவும் அங்கே உதவாது. மோதிரம் வேண்டும் என்றால் அலுமினியக் குப்பையைத் தோண்டியே தீர வேண்டும்.

இரும்பென்றால் குப்பை என்று முடிவு கட்டவும் வேண்டாம். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித்தான் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கிடைத்தது ஆயிரக்கணக்கான ரோமானிய தங்க, வெள்ளிக் காசுகள். சுத்தியலும் பிறகு கிடைத்தது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையால் அடித்த பழைய ஆணிகள் கூட்டமாகக் கிடந்தால் அங்கே மரக் கட்டுமானம் ஒன்று இருந்தது என்று அர்த்தம், கட்டுமானம் இருந்தால் ஆள் புழங்கியிருப்பார்கள், ஆள் புழங்கினால் காசு விழுந்திருக்கும். இரும்பே இல்லாத சுத்தமான வயலைவிட உறுமிக்கொண்டே இருக்கும் மூலைதான் எனக்குப் பிடித்த மூலை. தொல்லியல் சட்டம் காக்கும் இடங்களுக்கு இது பொருந்தாது. அங்கே கருவியோடு கால் வைக்கவே கூடாது.

பழகுவதற்கு வீட்டிலேயே ஒரு வழி. உலோகம் இல்லாத தரையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் நேரான ஆணி, வளைந்த ஆணி, பாட்டில் மூடி, வாஷர் ஒவ்வொன்றையும் தனியாக வைத்து எல்லாத் திசையிலும் ஓட்டிக் கேளுங்கள். வளைந்த ஆணி நேர் ஆணியைவிட எவ்வளவு நன்றாக நடிக்கிறது என்பதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். பிறகு ஒரு காசை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மூன்று நான்கு ஆணிகளை வெவ்வேறு கோணத்தில் கிடத்தி, எந்தத் திசையிலிருந்து போனால் காசு பேசுகிறது, எந்த வேகத்தில் தொலைகிறது என்று பாருங்கள். துரு ஏறிய ஆணியையே எடுத்துக்கொள்ளுங்கள், புது ஆணி அவ்வளவு பொய் சொல்லாது. நிலத்தில் தேடும்போது தோண்டும் முன் வாய்விட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தோண்டுங்கள்: "ஆணி", "மூடி", "தெரியவில்லை". தப்பான தீர்ப்புகள்தான் காதுக்குப் பாடம் நடத்தும். அவற்றை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தால் எந்த வகையில் நீங்கள் அடிக்கடி ஏமாறுகிறீர்கள் என்று சில வாரத்தில் தெரிந்துவிடும். நான் ஏமாறியது பெரும்பாலும் வளைந்த ஆணியிடம்.

தோண்டத் தொடங்கியபின்னும் விசாரணை முடியவில்லை. கட்டியைப் பெயர்த்ததும் சிக்னல் மாயமாகிவிட்டால் பெரும்பாலும் இரும்புதான். நாள்பட்ட இரும்பைச் சுற்றித் துரு மண்ணில் ஊறி ஒரு வளையம் மாதிரி இருக்கும், மண்ணைக் கலைத்ததும் அது சிதறிவிடும், ஆணியும் கோணம் மாறிப் படுத்துவிடும். ஒரு காந்தத்தைக் கையில் வைத்திருங்கள். குவித்த மண்ணில் துழாவினால் துருத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும், பத்து நிமிடத் தேடல் மிச்சம். ஆனால் காந்தத்தில் ஆணி ஒட்டியதும் வேலை முடிந்தது என்று குழியை மூடிவிடாதீர்கள். ஆணியை எடுத்துப் பைக்குள் போடுங்கள், அதே குழிக்குள் திரும்பப் போட்டால் அடுத்த மாதம் உங்களையே ஏமாற்றும். எடுத்தபின் குழியின்மேலும், வெட்டிப் போட்ட மண்ணின்மேலும் காயிலை இன்னொரு முறை ஓட்டுங்கள், முதலில் ஓட்டிய திசைக்குக் குறுக்காக. ஆணி அமுக்கி வைத்திருந்த குரல் ஏதாவது இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.